இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒரு பீரோ

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு அனைவரும் நலம். அங்கு தாங்களும் தங்கள் மனைவியும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்பது மரியாதைக்குத்தான். நலமாக இருக்கிறீர்கள் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஞாயிற்றுக்கிழமையானால் தங்கள் அக்கா துணி காயப்போடுவதாகச் சொல்லிவிட்டு மொட்டை மாடிக்குப் போகிறாள். கையில் துணி இருக்காது, போன் இருக்கும். இறங்கி வந்ததும், "யாரோ ஒரு குழந்தைக்குப் பல் முளைச்சிருக்காம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். சுவர் பதில் சொல்லட்டும் என்று நானும் இருந்துவிடுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தங்களோடு இனிப் பேச மாட்டேன் என்று அன்று மாடிப்படியில் நின்று நான் சொன்ன சொல் அப்படியேதான் இருக்கிறது. பேச மாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகவே இந்தக் கடிதம் பேச்சில் சேராது. தாங்களும் அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பிஸ்கட் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள் என்பது மொட்டை மாடி வழியாகத் தங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும். பேக்கிங் பிரிவில் மேஸ்திரியாக இருந்த நான் இப்போது வீட்டில் மேஸ்திரியாக இருக்கிறேன். டப்பாக்களை உயரவாரியாக அடுக்கிவைத்தேன். தங்கள் அக்கா ஆஸ்பத்திரி லாண்டரியில் நாள் முழுக்கப் போர்வை தேய்த்துவிட்டு வந்து, உப்பு எங்கே என்று தேடித் தேடி, கடைசியில் என்னைத்தான் எங்காவது அடுக்கிவைக்க வேண்டும் என்றாள். அதில் நியாயம் இருக்கிறது. அவள் ஒருத்தி உழைப்பில் மூன்று பேர் சாப்பிடுவது எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை, மைத்துனரே. இதை அவளிடம் சொல்லவில்லை. டப்பா அடுக்குகிறேன்.

இந்த நேரத்தில் லிஃப்ட் பராமரிப்புப் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள். பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் உண்டு, முடித்தால் வேலை நிச்சயம். வயது வரம்பு பிள்ளைகளுக்கென்று வைத்ததல்ல, என்னைப் போல ஆலை மூடி வேலை போனவர்களையும் எடுக்கிறார்கள். ஆனால் அடுத்த வருஷம் எனக்கு அந்த வரம்பும் தாண்டிவிடும். அதனால் இதை விட்டால் எனக்கு வேறு வழியில்லை. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பும் வந்துவிட்டது.

தாங்கள், தாங்கள் என்று எழுதிக் கை வலிக்கிறது. இனி நீ என்றே எழுதுகிறேன். இதை நெருக்கம் என்று நினைத்துவிட வேண்டாம், மை மிச்சம் பிடிக்கிறேன்.

உன் மருமகள் இருக்கிறாளே, என் மகள், அவள் எங்கிருந்தோ தேர்வில் கேட்கிற கேள்விகளையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்து என்னைத் தயார் செய்கிறாள். துணி தேய்க்கும் மேஜைக்குப் பின்னால் அவளும் உன் அக்காவும் அதிகாரிகள் மாதிரி உட்கார்ந்துகொள்வார்கள். நான் சமையலறைக் கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, உள்ளே வர வேண்டும். முதல் நாள் வந்து உட்கார்ந்ததும் உன் அக்கா கேட்ட முதல் கேள்வி, "பாலை அடுப்பில் வைத்துவிட்டு எங்கே போனீங்க?" என்பது. இதெல்லாம் கேட்க மாட்டார்கள் என்று மகள் சொன்னதற்கு, பொறுப்பு இருக்கிறதா என்று தெரிய வேண்டாமா என்றாள்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். பிறந்ததிலிருந்து ஆரம்பித்தேன். எட்டாம் வகுப்புக்கு வருவதற்குள் உன் அக்கா கொட்டாவி விட்டாள். "ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்பீர்கள்?" என்றார்கள். வாடகை ஒழுங்காகக் கொடுத்தால் இதே நாலாவது மாடியில்தான் என்றேன். அது தப்பாம். "உங்கள் பலவீனம் என்ன?" என்ற கேள்விக்கு நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே உன் அக்கா விரல் விட்டு எண்ண ஆரம்பித்து, இரண்டு கையும் முடிந்து, மகளின் கையைக் கடன் வாங்கினாள்.

பலவீனத்தையும் பலம் மாதிரிதான் சொல்ல வேண்டும் என்கிறாள் மகள். "வேலை என்று வந்துவிட்டால் நான் அளவுக்கு மீறி உழைத்துவிடுகிறேன், அதுதான் என் குறை" என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். என் காது சிவந்துவிட்டது. என் காதைப் பற்றி உனக்குத் தெரியும். பொய் சொன்னால் இரண்டும் தக்காளியாகிவிடும். பெண் பார்க்க வந்த அன்று, சிகரெட் பழக்கம் இல்லை என்று நான் சொன்னதும் உன் அப்பா என் காதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, குறைச்சுக்கிட்டா சரி" என்று சொன்னபோது நீயும் பக்கத்தில்தான் நின்றாய்.

எல்லாக் கேள்வியையும் ஒருவழியாகத் தேற்றிவிட்டோம். ஒன்று மட்டும் மாட்டிக்கொண்டது. "கூட வேலை செய்தவரோடு சண்டை வந்து, பிறகு அதை நீங்களே தீர்த்துக்கொண்ட ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுங்கள்." இது வராமல் இருக்காது என்கிறாள் மகள். லிஃப்ட் வேலை இரண்டு பேர் வேலையாம். ஒருவர் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று பழுது பார்ப்பார். அவர் அங்கே நிற்கும்வரை இன்னொருவர் மோட்டார் அறையில் மெயின் ஸ்விட்சுக்குக் காவல் இருக்க வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலை செய்தால் உயிருக்கு ஆபத்து. அதனால் இதைக் கட்டாயம் கேட்பார்களாம்.

நானும் என் வாழ்க்கையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன். சண்டைக்குப் பஞ்சமே இல்லை. தீர்ந்த சண்டைதான் ஒன்றுகூட அகப்படவில்லை. சண்டை போடுவதில் எனக்கு நல்ல அனுபவம் இருக்கிறது, முடிப்பதில் இல்லை.

சரி, இருப்பதில் சின்னதாக ஒன்றை முடித்துவிடலாம் என்று கீழே தையல்காரரிடம் போனேன். ஒரு கால் குட்டையாகப் பேண்ட் தைத்துவிட்டார் என்று அவரோடு எனக்கு நெடுநாள் மனஸ்தாபம். நேர்முகத் தேர்வு இருக்கிறது, சமாதானமாகிக்கொள்வோம் என்றேன். தாராளமாக, அந்தப் பேண்டைக் கொண்டுவாருங்கள் என்றார். கடையில் இருந்தவர்கள் முன்னால் இரண்டு காலையும் அளந்தார். பேண்ட் சரியாக இருந்தது. பிறகு என்னை நிற்க வைத்து என் கால்களை அளந்தார். அதற்குமேல் நான் எழுத விரும்பவில்லை. இப்போது அவரோடு இரண்டு சண்டை இருக்கிறது.

அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நம் சண்டை தேர்வுக்குப் பொருத்தமானது. இரண்டு பேர் சேர்ந்து செய்த வேலை, நடுவில் கனமான பொருள், மேலே ஒருவர், கீழே ஒருவர். அன்று நம் கட்டடத்து லிஃப்ட் பழுதாகி நின்றதால்தான் பீரோவைப் படிவழியாகத் தூக்கினோம் என்பது கூடுதல் வசதி. ஆகவே நீ செய்ய வேண்டியது சின்ன விஷயம். இரண்டாம் மாடித் திருப்பத்தில் பீரோவின் மேல்பக்கத்தை முதலில் விட்டது நீதான் என்று ஒப்புக்கொண்டு இரண்டு வரி எழுதி அனுப்பினால் போதும். நான் பெருந்தன்மையாக மன்னித்துவிடுகிறேன். சண்டை தீர்ந்துவிடும்.

பீரோ இப்போதும் அதே திருப்பத்தில்தான் சுவரோடு ஒட்டி நிற்கிறது. கீழே போட்டவன் வந்து தூக்கட்டும் என்று நான் யாரையும் தொடவிடவில்லை. கட்டடத்துக்காரர்கள் பழகிவிட்டார்கள். மூன்றாம் மாடி டீச்சரம்மா அதில் குடை வைக்கிறார். காவலாளி தன் சாப்பாட்டுப் பாத்திரத்தை வைக்கிறார். கண்ணாடி உடையவில்லை என்பதால் காலையில் எல்லோரும் அங்கே நின்று தலை வாரிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார்கள்.

பதிலை உடனே எதிர்பார்க்கும்,
உன் அக்காவின் கணவன்.

தம்பி, நான் அக்கா எழுதறேன். கடுதாசியை ஒட்டச் சொல்லி எங்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்காரு. மனசுல வெச்சுக்காதடா. எழுதி முடிச்சுட்டு, உன் குழந்தைக்கு எத்தனை பல்லுன்னு எங்கிட்ட கேட்டாரு. சுவத்தைப் பார்த்துதான் கேட்டாரு. ஆனா கேட்டாரு.

*

மைத்துனருக்கு,

நலம், நலமறிய ஆவல். இது இரண்டாவது கடிதம் என்பதால் மதிப்பிற்குரிய என்பதை விட்டுவிட்டேன்.

உன் பதில் கிடைத்தது. அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய், அதில் மூன்று வரி "நான் விடவில்லை" என்றே இருக்கிறது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், நாள் தவறாமல் கண்டெய்னர் தூக்குகிறவன், ஒன்றுகூட என் கையிலிருந்து விழுந்ததில்லை, கேவலம் ஒரு பீரோவையா விடுவேன் என்று கேட்டிருக்கிறாய். கண்டெய்னரைத் தூக்குவது கிரேன். பீரோவைத் தூக்கியது நீ. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்காதே.

ஆனாலும் கடைசியில், "சண்டை தீர்ந்துவிட்டது என்று தைரியமாகச் சொல்லுங்கள் அத்தான், அவர்கள் எனக்குப் போன் பண்ணிக் கேட்டாலும் ஆமாம் தீர்ந்துவிட்டது என்றே சொல்கிறேன்" என்று எழுதியிருந்தாய். நல்ல மனசுதான். அத்தான் என்று எழுதியிருந்ததையும் கவனித்தேன். அன்று மாலையே ஒத்திகை வைத்தோம். மகள் கேள்வியைக் கேட்டாள். "எனக்கும் என் மைத்துனருக்கும் ஒரு கருத்து வேறுபாடு இருந்தது, அமைதியாக உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொண்டோம்" என்றேன். மகள் எழுந்து போய்க் கண்ணாடியை எடுத்து வந்து என் முன்னால் நீட்டினாள். காது இரண்டும் எரிகிறது. நெற்றிகூடக் கொஞ்சம் சிவந்திருந்தது. இதுவரை நெற்றிக்குப் போனதில்லை.

காதை மறைக்க உன் அக்கா ஒரு மப்ளர் கொடுத்தாள். வியர்வையில் தலை நனைந்து, காய்ச்சல்காரன் மாதிரி ஆகிவிட்டேன். மகள் தன் முகப் பவுடரைக் காதில் பூசிப் பார்த்தாள். சிவப்பு போய் ரோஸ் நிறமானது. மாவு பிசைந்துவிட்டுக் காதைச் சொறிந்தவன் மாதிரி இருக்கிறது என்றாள் உன் அக்கா. முடியை வளர்த்துக் காதை மூடலாம் என்றால் நாள் இல்லை. சலூன்காரரோடும் எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது என்பதால் முடி ஏற்கெனவே கொஞ்சம் நீளம்தான், ஆனால் போதவில்லை.

ஆகவே தீர்ந்ததாகச் சொன்னால் பயன்படாது. உண்மையாகவே தீர வேண்டும். அதற்கு ஒரே வழி, நடந்ததை நடந்தபடி நீ ஒப்புக்கொள்வது. திரும்பவும் சொல்கிறேன். நான் கீழே, நீ மேலே. திருப்பத்தில் நான் இடப்பக்கம் சாய்த்தேன். அந்த நொடியில் மொத்தக் கனமும் என்மேல் வந்து இறங்கியது. மேலே இருப்பவன் விடாமல் அது எப்படி நடக்கும்? நீ என்ன சொல்கிறாய் என்றால், உன் கையில் கனமே இல்லாமல் போய்விட்டது, நான்தான் கீழே ஏதோ செய்து இழுத்துக்கொண்டேன் என்கிறாய். பீரோவை ஒரு மனிதன் தன்மேலேயே இழுத்துக்கொள்வானா? எனக்கென்ன, பீரோவோடு விரோதமா?

நீ எப்போதும் இப்படித்தான். சரி, போகட்டும்.

உன் அக்கா இங்கே ரொம்பத் தளர்ந்துவிட்டாள். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். லாண்டரியில் ஆள் குறைத்துவிட்டார்கள், அதனால் இருக்கிறவர்களுக்கு வேலை இரட்டிப்பு. வீட்டுக்கு வந்ததும் ஒத்திகைக்கு உட்கார்ந்துவிடுகிறாள். நேற்று "உங்கள் பலம் என்ன?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லி முடிப்பதற்குள் தேய்க்கும் மேஜைமேலேயே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். மகளும் நானும் சத்தம் போடாமல் எழுந்து வந்துவிட்டோம். இந்த வேலை எனக்குக் கிடைத்தாக வேண்டும், மைத்துனா. விளையாட்டில்லை.

இரண்டு வரி போதும். யோசித்து எழுது.

அன்புடன் என்று எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்,
அத்தான்.

*

என் அருமை மாப்பிள்ளைக்கு,

நீயும் தங்கச்சியும் குழந்தையும் எல்லாச் சுகமும் பெற்று இருக்க வேண்டும். நேர்முகத் தேர்வு முடிந்துவிட்டது. முடிவும் தெரிந்துவிட்டது. நான் எழுதி, அது உனக்கு வந்து சேரும்வரை ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது என்று உன் அக்காவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவளும் இந்த ஞாயிறு துணி காயப்போடப் போகவில்லை. புதன்கிழமை போனாள். அங்கே என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. நீயும் ஒன்றும் தெரியாதவனாகவே இதைப் படி.

நீ அனுப்பிய தபால் அட்டை தேர்வுக்கு முந்தின நாள் வந்தது. ஒரே வரி. "சரி அத்தான், நான்தான் விட்டேன், போய் வேலையை வாங்குங்க." இத்தனை வருஷமாக நான் கேட்க ஆசைப்பட்ட வாக்கியம். ஒரு தடவை படித்தேன். உன் அக்கா படித்தாள். மகள் படித்தாள். நான் சிரித்திருக்க வேண்டும், மாப்பிள்ளை, கட்டடமே கேட்கும்படி சிரித்திருக்க வேண்டும். சிரிக்காமல் அட்டையை விளக்குப் பக்கம் கொண்டுபோய் எழுத்தைப் பார்த்தேன். நான் விடவில்லை என்று நீ எழுதும்போது எழுத்து அழுத்தமாக இருக்கும், பேனா தாளைக் கிழிக்கும். இந்த வரி மட்டும் மெல்ல, கோணலாக இருந்தது. இதை நீ நம்பி எழுதவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உனக்கும் காது சிவக்கிற வழக்கம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தேர்வுக்குப் போனேன். தையல்காரர் பேண்டைத்தான் போட்டுக்கொண்டேன், வேறு நல்லது இல்லை. காத்திருந்தவர்கள் எல்லோரும் என் மகள் வயது. பக்கத்தில் இருந்த பையன் எழுந்து, "சார், உட்காருங்க, நீங்கதான் கேள்வி கேட்கப்போறவரா?" என்றான். இல்லை தம்பி, நானும் உன்னோடுதான் என்றேன். பாவம், அவனுக்கு என்னைவிட வெட்கமாகிவிட்டது.

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைமைப் பயிற்சியாளர், முப்பத்தைந்து வயதிருக்கும் ஓர் அம்மா, கையில் கிரீஸ் கறை போகவில்லை. ஒரு பக்கம் பெரிய மீசை வைத்த மெக்கானிக். இன்னொரு பக்கம் எல்லாவற்றையும் எழுதிக்கொள்கிற ஆபீஸ்காரர். என்னைப் பற்றிச் சொன்னேன், எட்டாம் வகுப்பைத் தொடவில்லை. "உங்களைவிடச் சின்னவர்கள் நிறுத்து என்றால் நிறுத்துவீர்களா?" என்று கேட்டார்கள். வீட்டில் இரண்டு பேர் அதைத்தான் சொல்கிறார்கள், பழக்கம்தான் என்றேன். மீசைக்காரர் சிரித்தார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. மகள் சொல்லிக்கொடுத்தபடியே ஆரம்பித்தேன். பீரோ, படிக்கட்டு, திருப்பம், மைத்துனர். "இப்போது அவரே தவறை ஒப்புக்கொண்டு எழுதிவிட்டார், சண்டை தீர்ந்துவிட்டது" என்று அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அந்த அம்மா அட்டையைப் பார்க்கவில்லை, என் காதைப் பார்த்தார். "உடம்பு சரியில்லையா, ஃபேன் போடட்டுமா?" என்றார். ஃபேன் போட்டார்கள். அதிலெல்லாம் ஆறுகிற காதா இது?

அத்தோடு என் கையிருப்புத் தீர்ந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிட்டேன். தீரவில்லை அம்மா, எனக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக அவன் பொய்யாக எழுதிக் கொடுத்திருக்கிறான், தான் விடவில்லை என்றுதான் அவன் நினைக்கிறான், விட்டான் என்றுதான் நான் நினைக்கிறேன், என்ன நடந்தது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது என்றேன். ஆபீஸ்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டார். சரி, எல்லாம் முடிந்தது, போய் டப்பா அடுக்க வேண்டியதுதான் என்று எழுந்தேன்.

உட்காருங்கள் என்றார் அந்த அம்மா. பீரோ எவ்வளவு உயரம், திருப்பத்தில் எந்தப் பக்கம் கைப்பிடிக் கம்பி என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். அவர்கள் தொழிலில் ஏதாவது தவறிப்போனால் யார் செய்தது என்று கேட்டுக்கொண்டு உட்கார மாட்டார்களாம். அதே இடத்தில், அதே கனத்தோடு, ஆளை மட்டும் இடம் மாற்றித் திரும்பச் செய்து பார்ப்பார்களாம். அதுதான் அவர்கள் வழக்கம். மீசைக்காரர் அதற்குள் எழுந்து ஆபீஸ்காரருடைய இரும்பு அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தார். ஆபீஸ்காரர் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

வெளியே படிக்கட்டுக்குக் கொண்டுபோனோம். மீசைக்காரர் கீழே பிடித்தார். என்னை மேலே பிடிக்கச் சொன்னார்கள், அதாவது நீ நின்ற இடத்தில். வெளியே காத்திருந்த பிள்ளைகள் எல்லாம் இதுவும் தேர்வில் ஒரு பகுதி என்று நினைத்து மிரண்டுபோய்ப் பார்த்தார்கள். திருப்பம் வந்தது. மீசைக்காரர் இடப்பக்கம் சாய்த்தார்.

மாப்பிள்ளை, என் கையில் கனமே இல்லாமல் போய்விட்டது.

நான் விடவில்லை. பத்து விரலும் அலமாரியைப் பிடித்தபடியேதான் இருக்கின்றன. ஆனால் கனம் எங்கோ போய்விட்டது. அதே நேரம் கீழேயிருந்து மீசைக்காரர், "யோவ், ஏன்யா விட்டே!" என்று அலறினார். ஐயோ, நான் விடலை சார், பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன் என்று நானும் அலறினேன். பொய் சொல்லாதே, மொத்தமும் என்மேல இருக்கு என்றார் அவர். நான் சத்தியம் பண்ணினேன். அவர் நம்பவில்லை. அலமாரி ஆடி வந்து கைப்பிடிக் கம்பியில் மோதியதில் என் வலது கை விரல் நடுவில் மாட்டிக்கொண்டது. ஓடிவந்து எடுத்துவிட்டார்கள்.

பெரிய அடி ஒன்றுமில்லை. உட்கார்ந்து விரலைப் பார்த்தேன். நகத்தடியில் இரத்தம் கட்டிக் கறுக்க ஆரம்பித்திருந்தது. உனக்கும் அன்று அதே கை, அதே விரல்தானே? நீ விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்தபோது, பார், நாடகம் போடுகிறான் என்று உன் அக்காவிடம் சொன்னேன். விட்டுவிட்டு நகர்ந்தவனுக்கு விரல் எப்படி நசுங்கும்? இத்தனை வருஷம் இதை ஒரு தடவை யோசித்திருக்க மாட்டேனா? மீசைக்காரர் கீழே தோளைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார், அன்று நான் நின்ற மாதிரியே. அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. திருப்பத்தில் கனம் அப்படித்தான் கீழே இறங்குமாம். தேர்வு நடக்கிற இடத்தில் அழுதால் நன்றாக இருக்காது என்று விரல் வலிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். வலிக்கவும் செய்தது.

அந்த அம்மா கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். இது மகள் கொண்டுவந்ததில் இல்லை. "நீங்கள் லிஃப்ட் பெட்டிமேல் நிற்கிறீர்கள். ஸ்விட்சுக்குக் காவலாக யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்றால் யாரை வைப்பீர்கள்?" யோசிக்கவே இல்லை. என் மைத்துனனை என்றேன். காதைப் பார்த்தார். நானும் கையால் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது.

வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். அந்த "நீங்கதான் கேள்வி கேட்கப்போறவரா" பையனும் தேறிவிட்டான், அவனைத்தான் எனக்கு ஜோடியாகப் போட்டிருக்கிறார்கள். செய்தி வந்தபோது உன் அக்கா போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். ஓஹோ என்று சொல்லிவிட்டு மடித்துக்கொண்டே இருந்தாள். அந்த ஒரே போர்வையைத் திரும்பத் திரும்ப மடித்தாள். பிறகு, உப்பு டப்பாவை இனிமேல் தான் வைக்கிற இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றாள். கண் கலங்கியிருந்ததை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

உன் அட்டையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். அது என் வீட்டில் இருக்க வேண்டாம், கிழித்துப் போடு. மன்னிப்பு கேட்கிறேன் என்று நினைத்துவிடாதே. பாலைக் கொட்டியவன் கேட்கட்டும் மன்னிப்பு, நாம் இரண்டு பேரும் எதையும் கொட்டவில்லை. ஆனால் நீ இல்லாத இத்தனை வருஷமும் எனக்கு நன்றாக இல்லை, மாப்பிள்ளை. இந்த வீட்டில் என் ஜோக்குக்குச் சிரிக்க ஆள் இல்லை. உன் குழந்தையை, என் மருமகளை, இன்னும் நான் தூக்கவில்லை. உன் அக்காவுக்கு அடுத்த முறை போன் பண்ணும்போது, கீழே இறங்கி வந்து போனை அவரிடம் கொடு என்று ஒரு வார்த்தை சொல். படியேறுகிற வேலையாவது அவளுக்கு மிச்சமாகும்.

பீரோ அங்கேயே நிற்கிறது. இன்னும் ஒன்றரை மாடிதான் பாக்கி. நான் பெரிய லிஃப்ட் மெக்கானிக் ஆகிவிட்டாலும் அது லிஃப்டுக்குள் நுழையாது, இப்போதுதான் அளந்து பார்த்தேன்; அன்று லிஃப்ட் ஓடியிருந்தாலும் நமக்குப் படிதான். லீவு போட்டு வா. டீச்சரம்மாவிடம் குடையை எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன், காவலாளிக்கும் சொல்லியாகிவிட்டது. தலை வாருகிறவர்கள்தான் வருத்தப்படுகிறார்கள். இந்தத் தடவையும் கீழே நான்தான் பிடிப்பேன். திருப்பத்தில் கனம் முழுக்க என்மேல் வரும் என்று இப்போது தெரியும். வரட்டும். மேலே நீ இருக்கிறாய் என்றால் நான் தலையைத் தூக்கிப் பார்க்கக்கூட மாட்டேன்.

கையுறை இரண்டு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன். உன் பத்து விரலும் நலமாக இருக்கட்டும்.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் அத்தான்.